கொடியை வாங்க வேண்டாம், செய்வோம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவில் ஆகஸ்ட் 15 விழாவுக்கான செலவுப் பட்டியல் வாசிக்கப்பட்டது. ஒலிபெருக்கி வாடகை, பாயசம், போட்டிகளுக்குப் பரிசு, அதற்குக் கீழே "கொடி, தோரணம், பேட்ஜ்" என்று ஒரு வரி. மற்ற வரிகளை எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு வரி வந்ததும் நான் எழுந்து நின்று, "இதை மட்டும் அடித்துவிடுங்கள், பிள்ளைகளே செய்யட்டும்" என்றேன். பொருளாளர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, "டீச்சர், துணிக்கொடி இருபத்தைந்து ரூபாய்க்குத் தபாலாபீசிலேயே விற்றார்களே, இதற்குப் போய்ப் பிள்ளைகளைக் கஷ்டப்படுத்துவானேன்?" என்றார். கூட்டமும் சிரித்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் சொல்ல முடியாமற் போனதை எழுதித் தாருங்கள் என்று இதழாசிரியர் பின்னர் கேட்டதால், அடியேன் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். முதற்பாதி தேவிகுளம் தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களில், பிற்பாதி சித்தூர் தாலுகாவின் பனங்காட்டுக் கிராமங்களில். ஒரே மாநிலம்தான், ஒரே பாடப்புத்தகம்தான். ஆனால் ஆகஸ்ட் 15 அன்று இரண்டு இடத்து வானமும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மலையில் அன்றைக்குக் குடை பிடித்துக்கொண்டு கொடியேற்றுவோம். கொடி பறக்காது, ஈரத்தில் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் மழை எட்டிப் பார்க்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மட்டும் ஆளைத் தள்ளும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்று சொன்னவர் எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அங்கே காகிதக் கொடியைக் குத்தி வைத்தால் விழா முடியுமுன் பாதி கொடி பொள்ளாச்சிக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் பேத்தி, அவர்களுடைய ஜூலை 4 விடுமுறைக்கு வீட்டிலேயே செய்த காகிதப் பூக்களையும் காற்றாடிகளையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அவர்களுக்கு அது கோடை, பள்ளி விடுமுறை. நமக்கோ தேசத் திருநாள் மழைக் காலத்தில் வருகிறது. அதுவும் மலையாள மாதக் கணக்கில் கர்க்கடகத்தின் கடைசியில். இந்த மாதத்துக்கே பஞ்ஞக் கர்க்கடகம் என்று பெயர் உண்டு. வேலை குறைந்து, வீட்டு அரிசிப் பானை காலியாகும் காலம். நான் சொல்ல வரும் சம்பவத்துக்கும் இந்த மாதத்துக்கும் சம்பந்தம் உண்டு.

1986-ஆம் ஆண்டு. தோட்டத்துப் பள்ளி ஒன்றில் நான் சேர்ந்து இரண்டு வருடந்தான் ஆகியிருந்தது. சுதந்திர தினத்துக்குப் பத்து நாள் முன்பே பிள்ளைகள் ஆளுக்கு ஐம்பது பைசா கொண்டு வர வேண்டும், குண்டூசியுடன் கூடிய காகிதக் கொடி தரப்படும் என்று அறிவிப்பு. லயத்திலிருந்து வரும் பிள்ளைகள். ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர், நான்கு பேர் வருவார்கள். ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்பது அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு வேளைக் காய்கறிச் செலவு. பெரும்பாலோர் எப்படியோ கொண்டு வந்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் கொண்டு வரவில்லை. விழாவன்று காலையில் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த காவி. கீழே அவரை இலையைக் கசக்கித் தேய்த்த பச்சை. நடுவில் பேனாவால் வரைந்த சக்கரம். விளக்குமாற்றுக் குச்சியில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தான்.

சக்கரத்தில் ஆரங்களை எண்ணினேன். எட்டுத்தான் இருந்தன. "இது நம் கொடி இல்லை, தப்பாக இருக்கிறது, கொடிக்கு அவமரியாதை" என்று சொல்லி அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். வரிசையில் எல்லோர் சட்டையிலும் கொடி. அவன் சட்டையில் இல்லை. அவன் அழவில்லை. பாட்டுப் பாடினான். மிட்டாயை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் அவன் தாயார் கொழுந்துக் கூடையோடு வேலைக்குப் போகிற வழியில் பள்ளி வாசலில் நின்று, "டீச்சரம்மா, ராத்திரி பூரா உக்காந்து செஞ்சான். தப்பா இருந்தா என்னன்னு சொல்லிக் குடுத்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். குரலில் கோபமே இல்லை. எனக்குப் பதில் வரவில்லை. சொல்லிக் கொடுப்பதற்குத்தானே சம்பளம் வாங்கினேன்.

அந்த எட்டு ஆரச் சக்கரத்தை இருபத்துநாலு ஆக்குவதற்கு ஒரு குழந்தைக்கு எத்தனை நேரம் ஆகும் என்று பின்னர் பல வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம். ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பழைய செய்தித்தாளில் வட்டம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். பாதியாக மடியுங்கள், மறுபடி பாதி, மறுபடி பாதி. இப்போது விசிறி மாதிரி எட்டில் ஒரு பாகம் கையில் இருக்கும். அந்த விசிறியை மூன்று சம பாகமாக மடித்து நன்றாக அழுத்திப் பிரித்தால், நடுவிலிருந்து புறப்படும் இருபத்துநாலு மடிப்புக் கோடுகள். எட்டை மூன்றால் பெருக்கினால் இருபத்துநாலு என்ற வாய்ப்பாடும் கூடவே வந்துவிடும். அந்தப் பையன் எட்டு வரை தானாகவே வந்திருந்தான். ஒரே ஒரு மடிப்புத்தான் மிச்சம் இருந்தது. அதை எண்ணும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இந்தக் கதையைப் பொருளாளரிடம் சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருக்க மாட்டார். ஆனால் கதை மட்டும் போதாது. அவர் கேட்ட கேள்விக்கும் பதில் வேண்டும். இருபத்தைந்து ரூபாய்க்குக் கொடி கிடைக்கும்போது ஏன் செய்ய வேண்டும்?

முதலில், அந்த மலிவு எப்படி வந்தது என்று பார்ப்போம். நம் மூவர்ணக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1947 ஜூலை 22-இல். அதன் பின் நெடுங்காலம், குறிப்பிட்ட சில நாட்கள் தவிர மற்ற நாட்களில் சாதாரணக் குடிமக்கள் வீட்டில் கொடியேற்ற அனுமதி கிடையாது. 2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த கொடிச் சட்டத் தொகுப்புத்தான் அந்தக் கதவைத் திறந்தது. அப்போதும் துணிக்கொடி என்றால் கையால் நூற்று, கையால் நெய்ததாக இருக்க வேண்டும் என்றே இருந்தது. கர்நாடகத்தில் ஹூப்ளி அருகே பெங்கேரியில் ஒரு கதர் சங்கம் இதற்கென்றே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய முத்திரையுடன் கொடி செய்யும் இடம். நூல் எண்ணிக்கை, சாயம், தையல் என்று எல்லாவற்றையும் சோதித்த பிறகே அங்கிருந்து கொடி வெளியே போகும். 2021 டிசம்பர் 30-இல் விதி திருத்தப்பட்டு, இயந்திரத்தில் நெய்த துணியும் பாலியெஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. 2022-இல் வீடுதோறும் கொடி என்ற இயக்கம் வந்தபோது இலட்சக்கணக்கில் அவசரமாகத் தைத்தார்கள். வீடுதோறும் கொடி பறந்தது நல்ல விஷயந்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சக்கரம் ஓரம் தள்ளி அச்சான கொடிகளும், அளவு தவறிய கொடிகளும் பல ஊர்களில் திருப்பி அனுப்பப்பட்டதைச் செய்தித்தாள்களில் நாம் எல்லோருமே படித்தோம். எட்டு ஆரம் போட்ட பையனிடம் கொடியைப் பிடுங்கி வைத்த என் போன்றவர்கள் இதற்கு என்ன சொல்வது?

பாலித்தீன் கொடிக்கும் தெர்மகோலுக்கும் இப்போது இடமே இல்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் கொடியும், பலூனுக்குப் பிடிக்கும் பிளாஸ்டிக் குச்சியும், அலங்காரத்துக்கான தெர்மகோலும் அடக்கம். இருந்தும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வாளையாறு, கோபாலபுரம் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் கட்டுக் கட்டாகத் தொங்கத்தான் செய்கின்றன. ஆகஸ்ட் 16 காலையில் பள்ளிக்கூடத்து ஓடையைப் பாருங்கள். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ஒரு வாளியோடு போய்ப் பொறுக்கியிருக்கிறேன். கையால் செய்த கொடி அந்த ஓடையில் கிடந்து நான் பார்த்ததில்லை. தான் செய்ததைக் குழந்தை கீழே போடாது, வீட்டுக்குக் கொண்டு போய்ச் சுவரில் சொருகி வைக்கும். இதற்குப் புள்ளிவிவரம் எதுவும் என்னிடம் இல்லை, வாளிதான் சாட்சி.

"கையால் செய்தால் தவறு வருமே, சட்டம் விடுமா?" என்று அன்றைய கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கொடித் தொகுப்பு சொல்வது இதுதான்: கொடி எந்த அளவிலும் இருக்கலாம், ஆனால் நீளத்துக்கும் உயரத்துக்கும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் வேண்டும். தேசிய விழாக்களில் காகிதக் கொடியைப் பொதுமக்கள் அசைக்கலாம். விழா முடிந்ததும் அதைத் தரையில் எறியக் கூடாது. தனியாக, மரியாதையாக அப்புறப்படுத்த வேண்டும். கொடியின் மேல் எதுவும் எழுதக் கூடாது. தோரணமாகவோ, ரோஜாப்பூ மாதிரி சுருட்டிய அலங்காரமாகவோ கொடியைப் பயன்படுத்தக் கூடாது. கொடி தரையைத் தொடக் கூடாது. இவ்வளவும் தெரிந்துகொண்டால் கொடி செய்வதில் பயமில்லை. பார்த்தால், கடையில் வாங்கிக் கயிறு கயிறாய்க் கட்டும் கொடித் தோரணந்தான் விதிக்கு மாறானது!

ஆகவே என் யோசனை இரண்டு பங்காகும். கொடி என்று செய்தால் ஒரு பிள்ளைக்கு ஒன்று, சரியான அளவில். அலங்காரம் என்று செய்தால் அது கொடியின் சாயலே இல்லாத வேறு பொருளாக இருக்கட்டும்.

கொடிக்கு நான் சொல்லும் அளவு பதினெட்டு சென்டிமீட்டர் நீளம், பன்னிரண்டு உயரம். ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு சென்டிமீட்டர். கணக்குப் போட எளிது, பின்னம் வராது. சக்கரத்துக்குப் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்தால் பட்டைக்குள் அழகாக அமையும். முன்பு சொன்ன மடிப்பு வட்டத்தின் நடுவில் அதே நாணயத்தை வைத்துச் சுற்றி வரைந்து, மடிப்புக் கோடுகள் அந்தச் சிறு வட்டத்தை வெட்டும் இடங்களைக் குண்டூசியால் குத்திக் கொடித் தாளில் இறக்கிவிட்டால் இருபத்துநாலு புள்ளிகள். பிறகு எதிரெதிர்ப் புள்ளிகளை நீலப் பேனாவால் சேர்க்க வேண்டியதுதான். பன்னிரண்டு கோடு போட்டால் இருபத்துநாலு ஆரம். இரண்டு பக்கமும் சக்கரம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வண்ணத்துக்குக் கலர்ப் பெட்டி இருந்தால் நல்லது. இல்லாத வீட்டில் அடுப்படி இருக்கிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் குண்டூசித் தலையளவு சேர்த்தால் குங்குமச் சிவப்பாக மாறும். மேலும் மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே வந்தால் காவி நிறத்தில் வந்து நிற்கும். சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. பச்சைக்கு இலைச் சாறு உடனே அழகாக இருக்கும், இரண்டு நாளில் பழுப்பாகிவிடும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் கிடைக்கும் பச்சை அதைவிட நிற்கிறது. மஞ்சள் கலந்த எதுவும் வெயிலில் வெளுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 14 மாலையில் தீட்டினால் மறுநாளைக்குக் குறைவிருக்காது.

பசைக்கு மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால் போதும். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கையாளும் பசையில் வேண்டவே வேண்டாம். நமக்கு ஒரு நாள் நின்றால் போதும், கரப்பான் பூச்சிக்கும் சுதந்திரம் இருக்கட்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. தீட்டிக் காய்ந்த தாளின் இருபுறமும் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து, மேலே ஒரு செய்தித்தாளை வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை ஓட்டினால், மெழுகு தாளுக்குள் இறங்கிவிடும். தூறலில் ஒரு மணி நேரம் தாங்கும். கொட்டும் மழையில் எதுவும் தாங்காது. குச்சிக்குச் சித்தூர் பக்கம் தென்னை ஈர்க்கு. மலையில் கூடை முடைகிறவர்கள் வீட்டு வாசலில், மலையாளத்தில் ஈற்ற என்று சொல்லும் மெல்லிய மூங்கிலின் சிம்புகள் கழிவாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். காட்டுக்குள் போய் வெட்டிக்கொண்டு வராதீர்கள், வனத்துறைக்குப் பதில் சொல்ல நேரும்.

அலங்காரத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஆசை அதிகம். சித்தூர் தாலுகாவில் வரப்புக்கு வரப்பு பனை நிற்கிறது. பனையோலைக் காற்றாடி செய்யத் தெரிந்தவர்கள் நம் சங்கத்திலேயே ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பத்துப் பேராவது இருப்பார்கள். இரண்டு விரற்கடை அகலம், ஒரு சாண் நீளத்தில் இரண்டு ஓலைத் துண்டுகள். ஒன்றின் நடுவில் கீறி, மற்றதைக் குறுக்கே நுழைத்து, நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாக இலேசாகத் திருகிவிட வேண்டும். நடுவில் ஒரு கருவேல முள்ளைக் குத்தி, சோளத்தட்டையின் முனையில் சொருகினால் முடிந்தது. காற்றை எதிர்த்து ஓடினால் விர்ரென்று சுற்றும். கஞ்சிக்கோட்டிலும் இராமக்கல்மேட்டிலும் மலைமேல் சுற்றுகிறதே பெரிய காற்றாலை, அதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான் என்று அப்படியே விஞ்ஞானப் பாடமும் நடத்திவிடலாம். இரண்டுமே நம் எல்லை ஊர்கள். ஐம்பது பிள்ளைகள் கையில் ஐம்பது ஓலைக் காற்றாடி, அந்தக் கணவாய்க் காற்றில்! எந்தக் கடைத் தோரணம் அதற்கு ஈடாகும்? செலவு ஒரு பைசா இல்லை.

ஓலைக் கிலுகிலுப்பை, ஓலைக் கிளி, ஓலைப் பெட்டி எல்லாம் இதே வரிசைதான். இவற்றை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க எனக்குத் திறமை போதாது. நேரில் வந்தால் காட்டுகிறேன். மலைப் பிள்ளைகளுக்கு ஓலை கிடையாது. அவர்களுக்குக் காலண்டர் தாளில் சதுரக் காற்றாடி, ஒற்றை வண்ணக் காகிதச் சங்கிலி, காகித மயில். சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை வில்லை செய்து, அதில் சுதந்திரம் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதச் சொல்வேன். கொடியின் மேல் எழுதுவதுதான் தவறு, வில்லையில் தாராளமாக எழுதலாம்.

பூக்கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சில வருடங்களாக, செண்டுமல்லியும் வெள்ளைப் பூவும் இலையும் கொண்டு தரையில் கொடியையே கோலமாகப் போடுகிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கிறது. ஆனால் மறுநாள் அது துடைப்பத்தில் போகிறது. அதற்குள் யாராவது மிதித்தும் விடுகிறார்கள். கொடி தரையைத் தொடக் கூடாது என்றால் தரையிலேயே கொடி போடுவது எப்படிச் சரியாகும்? ஓணத்துக்குப் போடும் வட்டப் பூக்களமே போடுங்கள், போதும். கேரளத்து விருந்தும் ஆச்சு, நம் கோலமும் ஆச்சு.

இத்தனைக்கும் பிறகு, "பிள்ளைகளுக்கு நேரமில்லை டீச்சர், டியூஷன் இருக்கிறது" என்பார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நேரம் இருக்கிறவர்கள் வரட்டும்.

எனக்கு இதில் வேறொரு ஆசையும் உண்டு, மறைப்பானேன். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் மலையாளம், பள்ளியில் வர வர ஆங்கிலம். ஈர்க்கு, குருத்து, சிம்பு, சாண், விரற்கடை, கீறல், முடைதல் போன்ற சொற்களை எந்த வகுப்பில் கற்பார்கள்? கரும்பலகையில் எழுதிப் போட்டால் பொருள் எழுதி மனப்பாடம் செய்வார்கள், மறப்பார்கள். ஓலையைக் கையில் கொடுத்து, "குருத்தோலை எடு, முத்தின ஓலை ஒடியும்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஒடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். சித்தூரில் ஒரு பெண் குழந்தை, மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளை, காற்றாடி செய்யும்போது கற்றுக்கொண்ட விரற்கடை என்ற சொல்லை வருடக் கணக்கில் என்னைக் காணும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆகஸ்ட் 15 எல்லோருக்கும் ஒன்று என்கிறோம். நம் எல்லைப்புறத்தில் அது ஒரே மாதிரி வந்ததில்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1947-இல் பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட மண். பக்கத்திலேயே இருந்த சித்தூர் கொச்சி மகாராஜாவின் சீமை. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். அந்தத் திருவிதாங்கூரின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், இந்தியாவில் சேராமல் தனி நாடாகவே இருப்போம் என்று 1947 ஜூனில் அறிவித்தவர். ஜூலை 25-இல் அவர் மேல் வெட்டு விழுந்தது. அந்த மாதக் கடைசியில் மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். ஒருவேளை திவான் நினைத்தபடி நடந்திருந்தால் போடிமெட்டில் நாம் பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருந்திருக்கும்! பிறகு 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து, 1956 நவம்பர் 1-இல் மலபாரும் சேர்ந்து கேரளமானது. அந்த எல்லைப் பிரிவினையின் போது நம்மவர் பட்ட பாட்டை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை, பெரியவர்களுக்குத் தெரியும். இடுக்கி என்ற மாவட்டம் பிறந்ததுகூட ஒரு குடியரசு தினத்தில்தான், 1972 ஜனவரி 26. கொடி செய்து கொண்டிருக்கும்போது இதையெல்லாம் பேசலாம். கொடி வாங்கி வரும்போது பேச எதுவும் இல்லை.

கொடிக்காக உயிர் கொடுத்த குமரன் திருப்பூரில் அடிபட்டு விழுந்தது 1932 ஜனவரியில். பாலக்காட்டிலிருந்து திருப்பூருக்கு ரயிலில் இரண்டு மணி நேரப் பயணந்தான். அன்று அவர் கையில் இருந்த கொடியின் நடுவில் இருந்தது இராட்டை. அசோகச் சக்கரம் வந்தது 1947-இல். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் கதர்த் துண்டில் கையால் சாயம் தோய்த்துத்தான் கொடி செய்திருப்பார்கள். ஒவ்வொன்றும் அளவு சரியாக இருந்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மழையைப் பற்றிச் சொன்னேன். 2018 ஆகஸ்ட் 15 அன்று கேரளமே வெள்ளத்தில் இருந்தது. மூணாறு துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. 2020-இல் அதே மாதம் 6-ஆம் தேதி இரவில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஒன்பது நாள் கழித்து வந்த சுதந்திர தினத்தன்றும் அங்கே தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வருடம் கொடி பற்றிப் பேச யாருக்கும் மனமில்லை. மலையில் ஆகஸ்ட் என்றால் இதுவும் சேர்ந்ததுதான். அங்கிருந்து வரும் பிள்ளையிடம் ஐம்பது பைசா எங்கே, ஐம்பது ரூபாய் எங்கே என்று கேட்கும் முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? இன்றைக்கும் சில இடங்களில் "இண்டிபெண்டன்ஸ் டே காண்ட்ரிபியூஷன்" என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். தொகைதான் மாறியிருக்கிறது.

பொருளாளர் அவர்களுக்கு: அந்த வரியில் ஒதுக்கிய தொகையை அப்படியே வைத்திருங்கள். அதில் இருபது கத்தரிக்கோலும், முனை மழுங்கியதாகப் பார்த்து, ஒரு கிலோ மைதாவும் வாங்கித் தாருங்கள். மீதியைப் பாயசத்தில் சேர்த்துவிடலாம். ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குச் சங்கக் கட்டடத்து மாடியில் நான் இருப்பேன். பழைய காலண்டர், நியூஸ்பேப்பர், ஈர்க்குச்சி, பத்து ரூபாய் நாணயம் ஒன்று கொண்டு வாருங்கள். ஓலை கொண்டு வருவதாக எருத்தேம்பதி அன்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தாத்தா பாட்டிகள் கட்டாயம் வர வேண்டும். கருவேல முள் எடுக்கும் வித்தை எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, போன தடவை விரலில் ஏறிவிட்டது. விழா முடிந்ததும் வாசலில் ஒரு கூடை வைப்போம். வீட்டுக்குக் கொண்டு போக விரும்பாதவர்கள் கொடியை அதில் போட்டுவிட்டுப் போகலாம். அந்தக் கூடைக்கு நான் பொறுப்பு.